தொப்பி கழற்றாதவர்கள்

லண்டனில் ஒரு ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் சரித்திரத்தைத் தமிழில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். படித்தவர்கள் சிரிக்கலாம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பல்கலைக்கழகம் என்ற கட்டடத்துக்குள் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன், அதுவும் பட்டமளிப்பு விருந்துக்குச் சாப்பாட்டுத் தட்டம் இறக்க. இன்று செவன் கிங்ஸ் பக்கம் எனக்குக் கலியாண மண்டபங்கள் இருக்கின்றன. டாக்குத்தர்மாரும் எஞ்சினியர்மாரும் தங்கள் பிள்ளைகளின் கலியாணத்துக்கு நல்ல நாள் கேட்டு என் கந்தோரில் காத்திருக்கிறார்கள். யாரும் எனக்கு எதையும் தூக்கித் தந்ததில்லை. இதை நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லும். ஆனால் இப்போது எழுதுவது அந்தக் கதையை அல்ல. என் தம்பியின் உயிர் ஒரு தொப்பியில் தொங்கிக்கொண்டு நின்ற கதையை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஜெர்மனியில் சில வருடம் அகதி முகாமிலும் ஹோட்டல் குசினிகளிலும் கிடந்துவிட்டு லண்டன் வந்து சேர்ந்திருந்தேன். பிளேஸ்டோவில் ஓர் அறையில் நானும் மனைவியும் இருந்தோம். வேலை, நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பழைய பப்பின் குசினியில். கோப்பை கழுவத்தான் எடுத்தார்கள். கொஞ்சக் காலத்திலேயே, நான் வராத நாளில் அங்கே அடுப்பு எரியாது என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பப்பின் மேல்மாடி அறையைச் சில ஜெர்மன் கிழவர்கள் எடுப்பார்கள். வங்கி, கப்பல் கொம்பனி, ஆஸ்பத்திரி என்று லண்டனில் பெரிய பெரிய வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். எனக்குக் குசினி ஜெர்மன் நன்றாக ஓடும் என்பதால் அவர்களுக்குப் பரிமாற என்னைத்தான் அனுப்புவார்கள். முதல்நாள் கதவைத் திறந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவரைத் தவிர அத்தனை கிழவரும் கரும்பச்சையில் சின்னத் தொப்பி போட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே மூன்று நிற நாடா கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தார்கள். மேசைத் தலைவருக்கு இடது கன்னத்தில் காதிலிருந்து வாய்வரை ஒரு பழைய வெட்டு. எங்கள் ஊரில் அப்படி ஒரு வெட்டு இருந்தால் கள்ளுக்கொட்டில் சண்டை என்று பெண் கொடுக்க மாட்டார்கள். இவர்களுக்கோ அது பட்டம் மாதிரி. சங்கத்தில் சேர்ந்தவன் கூரான வாளோடு நின்று, தலையை அசைக்காமல் வெட்டு வாங்கவேண்டும். பின்வாங்கினால் வெட்கம். நான் அவருக்கு வடுக்காரர் என்று பெயர் வைத்தேன். பப்பில் வாள் வைத்திருக்க விடமாட்டார்கள் என்பதால், கூட்டத்தை அமைதிப்படுத்த என் குசினியில் இருந்து மா உருட்டும் கட்டையை வாங்கித்தான் மேசையில் அடிப்பார்.

அந்த ஒருவர், பல் வைத்தியர். மெலிந்த மனிதர். அவர் மட்டும் தொப்பியும் போடமாட்டார், நாடாவும் கட்டமாட்டார், ஆனால் ஒரு மாதம்கூடத் தவறாமல் வருவார். எச்சில் தட்டு எடுக்கும்போது என்னோடு கதை கொடுப்பவர் அவர்தான். அவர் வாயிலிருந்துதான் சங்கத்தின் சரித்திரம் முழுவதும் எனக்கு வந்தது.

ஒரு பல்கலைக்கழக நகரத்தில் ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒரு வீடு. நூறு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டுப் பெடியன்கள் ஒரே மேசையில் குடித்து, ஒரே பாட்டுப் பாடி, ஒருவரையொருவர் சாகும்வரை கைவிடுவதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். புதிதாக வருகிறவனுக்கு நரி என்று பெயர். ஒவ்வொரு நரிக்கும் ஓர் அண்ணன். படிப்பு, காதல், கடன், சண்டை எல்லாவற்றுக்கும் அந்த அண்ணன்தான் பொறுப்பு. நாடா கட்டியவர்கள் மந்திரியானாலும் மாட்டுக்காரனானாலும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றுதான் கூப்பிடவேண்டும். பல் வைத்தியர் அண்ணன். அவருடைய நரி, இந்த வடுக்காரர்.

பிறகு முப்பதுகள் வந்தன. யூத ரத்தம் உள்ளவனை வெளியே போடு, இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டு என்று அரசாங்கம் சொன்னது. பல் வைத்தியரின் தாய் யூதப் பெண். வீட்டில் கூட்டம் போட்டு, அவரை வெளியே போடச் சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். வடுக்காரர் தூக்கினார். அண்ணனை வெளியே போட்டார்கள். அவர் லண்டனுக்கு ஓடித் தப்பினார். அடுத்த வருடமே அரசாங்கம் வீட்டையும் பூட்டியது, தொப்பியையும் நாடாவையும் கழற்று என்றது. அப்போது சில பெடியன்கள் கழற்றமாட்டோம் என்று தொப்பியோடு பெரிய தெருவில் நடந்து போய் அடி வாங்கினார்கள். யுத்தம் முடிந்து வீடு திரும்பத் திறந்தபோது அதையே ஒரு சட்டமாக வைத்துக்கொண்டார்கள்: அரச உடுப்புப் போட்டவன் முன்னால் நம் வீட்டுப் பிள்ளை தொப்பி கழற்றக்கூடாது.

“அண்ணனுக்காக வாய் திறக்காதவர்கள், தொப்பிக்காக அடி வாங்கினவர்கள்,” என்று பல் வைத்தியர் ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எடுத்துத் தா என்கிற மாதிரிச் சொன்னார்.

யுத்தத்துக்குப் பிறகு வேலை கிடைத்து லண்டன் வந்த வடுக்காரர், இவரைத் தேடிப் பிடித்து இந்த மேசையை உண்டாக்கினார். அன்று முதல் இருவரும் மாதம் ஒருமுறை எதிரெதிரே இருந்து சாப்பிடுகிறார்கள். கை தூக்கிய கதையை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

இந்த நேரத்தில்தான் தம்பி வந்தான். வந்தான் என்று சொல்லக்கூடாது, வந்து பிடிபட்டான். ஊரில் ஒருமுறை ராணுவம் அவனைச் சுற்றிவளைப்பில் கொண்டுபோய், கையில் நகமில்லாமல் திருப்பி விட்டிருந்தது. இன்னொருமுறை போனால் திரும்ப மாட்டான் என்று அம்மா தாலிக்கொடியை விற்று அனுப்பினா. கொழும்பு, பிராங்பேர்ட், லண்டன். கையில் வேறு ஒருத்தனின் பாஸ்போட். ஹீத்ரோவில் பிடித்து, விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தடுப்பு முகாமில் போட்டார்கள். ஜெர்மனி வழியாக வந்தவன் ஜெர்மனியில்தான் அகதி அந்தஸ்துக் கேட்கவேண்டும், வெள்ளிக்கிழமை காலை பிராங்பேர்ட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள்.

நான் பார்க்காத ஆளில்லை. சொலிசிட்டர் ஒருவர் கையை விரித்தார். கவுன்சிலில் வேலை செய்த ஒரு நம்மவர், “அண்ணை, இது எங்கட கையில இல்லை” என்று தேத்தண்ணி தந்து அனுப்பினார். மனோர் பார்க் முருகனிடமும் போய் நின்று கத்தாத குறையாகக் கேட்டேன். பிராங்பேர்ட்டில் அவனுக்காகக் கதைக்க ஓர் ஆள் இல்லாவிட்டால், அங்குள்ள பொலிஸ் அடுத்த விமானத்திலேயே கொழும்புக்கு ஏற்றிவிடும். அப்படி ஏற்றப்பட்ட பெடியன்களை எனக்குத் தெரியும்.  யாரிடமும் கையேந்தாத நான், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத வெள்ளைக்காரியிடம்கூடத் தம்பியின் கதையைச் சொல்லி அழுதேன்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை கிழவர்களின் மேசை.

“அவையளிட்டைக் கேக்கப்போறன்,” என்றேன் மனைவியிடம்.

“அஞ்சாம் வகுப்புப் படிச்ச மனுசனுக்கு யூனிவர்சிட்டிச் சங்கமோ உதவப்போகுது? சூப்பை ஊத்திப்போட்டு வாயை மூடிக்கொண்டு வாங்கோ. இருக்கிற வேலையும் போகப்போகுது.”

“நீ வாயை மூடு. உனக்கு என்ர ஜெர்மன் தெரியாது.”

“தெரியும், தெரியும். கனவிலயும் உருளைக்கிழங்கு எண்டுதானே ஜெர்மனில சொல்லுறியள்.”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என் மேல்சட்டையை எடுத்துத் தந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை இறைச்சித் தட்டை வைத்துவிட்டு நான் போகாமல் நின்றேன். நின்று, எனக்குத் தெரிந்த அத்தனை ஜெர்மனிலும் சொன்னேன். தம்பி, ராணுவம், வெள்ளிக்கிழமை. உங்கள் வீட்டு ஆட்களில் ஒரு வக்கீல் பிராங்பேர்ட்டில் இருக்கமாட்டாரா என்று கேட்டேன். அந்த வயதுவரை நான் எவன் முன்னாலும் கைகூப்பியதில்லை. அன்று கூப்பினேன்.

வடுக்காரர் கட்டையால் மேசையில் தட்டினார். அவர்கள் பேசியதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

“மேசையில அரசியல் கதைக்கிறேல்லை. வெளியாக்களின்ர விசயமும் எடுக்கிறேல்லை. இது எங்கட சட்டம். இவருக்காக நான் மனவருத்தப்படுறன்.”

ஒருவர் கோப்பையைப் பார்த்தார். இன்னொருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் தட்டைத் தூக்கித் திரும்பியபோது பல் வைத்தியர் பேசினார்.

“நீ அண்டைக்கும் சட்டம் எண்டுதான் சொன்னனி.”



“அது வேறை,” என்றார் வடுக்காரர்.

“வேறைதான். அண்டைக்கு உன்ர அண்ணனை வெளியில விடவேண்டி இருந்தது. இண்டைக்கு இவன்ர தம்பியை உள்ளுக்கு எடுக்கவேணும், அவ்வளவுதான். உனக்கு அண்டைக்குக் கை தூக்கத்தான் தெரியும். இண்டைக்கு ரெலிபோனையாவது தூக்கு.”

வடுக்காரரின் முகத்தில் வடு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் சிவந்துவிட்டது. எழும்பினார். வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். படியிறங்கி, பப்பின் கந்தோருக்குள் போய், முதலாளியிடம் கேட்காமலே ரெலிபோனை எடுத்தார். நான் கதவடியில் நின்றேன். அந்த மனிதர் ராணுவத் தளபதி மாதிரிக் கட்டளையிட்டார். பிராங்பேர்ட்டில் இருக்கும் சங்கத்து வக்கீல் வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் நிற்கவேண்டும். வீட்டிலிருந்து இரண்டு மாணவர்கள் அவரோடு போகவேண்டும். வீட்டின் அலுவல் என்பதால் தொப்பியும் நாடாவும் அணிந்துதான் போகவேண்டும், பொலிஸ்காரன் பார்த்தால் மதிப்பான். தம்பியின் முழுப்பெயரை நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

 ஐந்தாம் வகுப்புக்காரன் ஒரு பல்கலைக்கழகத்தையே எழுப்பிவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் தடுப்பு முகாமுக்கு ரெலிபோன் எடுத்தேன். வரிசையில் மற்றவர்கள் நின்றதால் தம்பிக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது.

“அங்க இறங்கினவுடன உன்னைக் கூட்டிக்கொண்டு போக ஆக்கள் வருவினம். யூனிவர்சிட்டிப் பெடியள். ஒரு லோயரும் வருவார். பயப்பிடாதை.”

“எப்பிடி அண்ணை எனக்குத் தெரியும், அவைதான் எண்டு?”

“உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுவினம். ஓம் எண்டு சொல்லு. அவ்வளவுதான்.”

“சரி அண்ணை” என்றான். லைன் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பப் திறக்க முதலே இரு கிழவரும் வந்துவிட்டார்கள். வக்கீலிடம் கொடுத்திருந்தது பப்பின் நம்பர். கந்தோரில் ஒரு நாற்காலிதான். அதில் பல் வைத்தியர் இருந்தார். வடுக்காரர் நின்றார். நான் குசினிக்கும் கந்தோருக்கும் இடையே நடந்தேன். 

பதினொரு மணிபோல ரெலிபோன் அடித்தது. வடுக்காரர் எடுத்தார். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். 

“உம்மட தம்பி,” என்றார், “தான் உம்மட தம்பி இல்லையாம்.”

“என்ன?”

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கினம். நான் அவன் இல்லை எண்டு சொல்லிப்போட்டாராம். லோயரைத் தெரியாதாம். ஒருத்தரையும் தெரியாதாம். ஆள் மாறிப்போச்சு எண்டால் லோயருக்கு அங்க வேலையில்லை எண்டு பொலிஸ் சொல்லுதாம். பின்னேரம் கொழும்பு விமானம் இருக்காம்.”

நான் ரெலிபோனைப் பறித்தேன். வக்கீல் நல்ல மனிதர், பொலிஸ்காரனோடு மன்றாடித் தம்பியின் காதில் ரெலிபோனை வைக்க வைத்தார்.

“தம்பி!”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“தம்பி, நான்தான். அண்ணன் கதைக்கிறன்.”

“நீங்கள் ஆர்?” என்றான். “எனக்கு அண்ணை ஒருத்தரும் இல்லை.”

என் சொந்தத் தம்பி. நான் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய தம்பி. நான் கத்தினேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன், அம்மாவின் பெயரைச் சொன்னேன், அவன் காலில் இருக்கும் சூட்டுத் தழும்பைச் சொன்னேன். திட்டினேன். கெஞ்சினேன். பப்பில் பியர் பீப்பா இறக்க வந்தவன் கந்தோர்க் கதவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கடைசியில் தம்பி குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணை, உங்களையும் பிடிச்சுப்போட்டாங்களோ? பிடிச்சு வைச்சுக்கொண்டோ சொல்லவைக்கிறாங்கள்?”

“ஆரடா பிடிச்சது? நான் லண்டனில வேலையில நிக்கிறன்.”

“இஞ்ச பக்கத்திலயே நிக்கிறாங்கள். பச்சைத் தொப்பி. நெஞ்சில பட்டி. ஒருத்தன்ர முகத்தில புது வெட்டு. கடதாசியைப் பார்த்து என்ர பேரைக் கூப்பிட்டாங்கள், அண்ணை.”

“அவங்கள்தானடா மாணவர்!”

“மாணவர் எங்க அண்ணை தொப்பி போட்டுப் பொலிசோட நிக்கிறவங்கள்? ஊரிலயும் இப்பிடித்தான். வரிசையில இருத்தி வைச்சுப் பேரை வாசிச்சாங்கள். நான் ஓம் எண்டு கையை உயர்த்தினன். பேர் கூப்பிட்டும் வாயைத் திறக்காமல் இருந்த ரெண்டு பேரும் அண்டைக்கே வீட்டுக்குப் போயிட்டாங்கள். இனிச் செத்தாலும் என்ர பேருக்கு ஓம் சொல்லமாட்டன்.”

 அவன் நகங்களைப் பற்றி அம்மா சொல்லியிருந்தா, பேர் வாசித்த கதையை யாரும் சொல்லவில்லை. ரெலிபோனைப் பொத்திக்கொண்டு வடுக்காரரிடம் திரும்பினேன். ஜெர்மனா, ஆங்கிலமா, என்ன மொழியில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. தொப்பி. கழற்றச் சொல்லுங்கள். அவர்களைக் கழற்றச் சொல்லுங்கள்.

அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் அசையவில்லை.

“பொலிசுக்கு முன்னால,” என்றார். “அங்க பொலிஸ் நிக்குது.”

“அதுதானே பிரச்சினை!”

“உமக்குத் தெரியாது. அதுக்காக எங்கட ஆக்கள் அடி வாங்கினவை.”

நான் அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்தேன். அந்தப் பெரிய மனிதரின் கொலரை. பல் வைத்தியர் எழும்பி வந்து என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.  ஒரு காலத்தில் தன் நரியாக இருந்த அந்தக் கிழவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி.

வடுக்காரர் ரெலிபோனை வாங்கினார். மாணவன் ஒருவனைக் கூப்பிடச் சொன்னார். “தொப்பியைக் கழற்று” என்றார். அந்தப் பக்கம் பெடியன் ஏதோ மறுத்துச் சொன்னான். எனக்கும் கேட்டது. மன்னிக்கவேண்டும், இங்கே உடுப்போடு பொலிஸ் நிற்கிறது, சட்டம் அப்படி இல்லையே என்றான்.  இருபது வயதுகூட இருக்காது.

“சட்டம் எனக்குத் தெரியும். உன்ர தாத்தாவின்ர தலையில இருந்து தொப்பியைப் பறிச்ச அண்டைக்கு நான் அங்க நிண்டனான். கழற்று. நாடாவையும் கழற்று. மடிச்சுச் சட்டைப்பைக்குள்ள வை. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில நிலத்தில இரு.”

பிறகு ரெலிபோனை என்னிடம் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

நான் காதில் வைத்தேன். அங்கே சரசரப்பு, யாரோ கதிரையை இழுக்கும் சத்தம், ஒலிபெருக்கியில் விமானம் பற்றிய அறிவிப்பு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தம்பியின் குரல், வேறு ஒருத்தனின் குரல் மாதிரி.

“அண்ணை.”

“சொல்லு.”

“இவங்கள் சின்னப் பெடியங்கள், அண்ணை. ஒருத்தன் அழுறான்.”

“பேரைச் சொல்லு, தம்பி. உன்ர வாயால உன்ர பேரைச் சொல்லு. என்னை நம்பு.”

அவன் ரெலிபோனை விட்டு விலகி, அந்தப் பொலிஸ்காரனைப் பார்த்து, பாட்டன் பெயர் தொடக்கம் தன் பெயர் வரை முழுவதையும் உரத்துச் சொன்னான். எனக்கு லண்டனில் கேட்டது. அத்தோடு லைன் நின்றுவிட்டது.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வடுக்காரர் கடைசியில், “இதுக்குச் சங்கத்தில என்னைக் கூப்பிட்டு விசாரிப்பினம்,” என்றார்.

“நான் சொன்னன் எண்டு சொல்லு,” என்றார் பல் வைத்தியர். “என்னை ஒருக்கா வெளியில போட்டவங்கள்தானே. இன்னொருக்காப் போடட்டும்.”

வடுக்காரர் சிரிக்கப் பார்த்தார். அது சிரிப்பாக வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் தோள் குலுங்கியது. பல் வைத்தியர் தன் நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

நான் குசினிக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒன்றைக்கூடக் கருகவிடவில்லை, அது என் கை. ஆனால் ஒவ்வொரு தட்டு வெளியே போகும்போதும் அந்தப் பின்னேர விமானத்தைத்தான் நினைத்தேன். இருட்டுப்பட முதல் வக்கீல் திரும்ப எடுத்தார். அகதி விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டார்கள், இன்றைக்கு ஏற்றமாட்டார்கள் என்றார். நாளைக்கு என்று நான் கேட்டேன். நாளைக்கு நாளைக்குத்தான் தெரியும் என்றார் அந்த மனிதர்.

அந்த ‘நாளைக்கு’ முடியத் தொண்ணூறுகள் ஆயின. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை ஒவ்வொரு முறையும் பொலிசில் கையெழுத்துப் போட உள்ளே போக முதல் தம்பி எனக்கு ரெலிபோன் எடுப்பான். “பேர் கூப்பிடப்போறாங்கள், அண்ணை,” என்பான். நான் லண்டனில் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, அவன் வெளியே வந்து திரும்ப எடுக்கும்வரை, ரெலிபோனுக்குப் பக்கத்தில் நிற்பேன்.